ராத்தாவின் இருமல்

மார்புச் சிகிச்சை நிலையத்தில் டொக்டர் என் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உங்கட வீட்டில முந்தி ஆருக்கும் காசநோய் இருந்ததோ?"

"இல்ல டொக்டர்." முப்பது வருடங்களுக்கு மேலாகச் சொல்லிப் பழகிய பதில்.

போர்க்காலத்தில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்து கரைத்தீவில் ஓலைக் கொட்டிலில் இருந்தபோது, நானும் ராத்தாவும் ஒரே பாயில்தான் படுப்போம். அக்காவை நாங்கள் ராத்தா என்போம். அவள் எனக்கு ஐந்து வயது மூத்தவள். அவளுடைய இருமல் என் பிடரியில் சூடாகப் படும். அந்த மழைக்காலம் முடிவதற்குள் மௌத்தாகிவிட்டாள். அடக்கம் முடிந்த அன்று உம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஆரும் கேட்டா நெஞ்சுச் சளி எண்டு சொல்லு புள்ள. இல்லாட்டி உன்ன ஒருத்தரும் கலியாணம் முடிக்க மாட்டாங்க" என்றார்.

இப்போது எனக்குப் பேத்தி இருக்கிறாள். இரண்டு மாதமாக இருமுகிறேன். ஒவ்வொரு இருமலின் முடிவிலும் மெல்லிய விசில் ஒன்று வருகிறது. ராத்தாவுக்கும் அப்படித்தான் வரும். தனியாக இருக்கும்போது, அது என் நெஞ்சிலிருந்து வந்ததென்று தெரியாமல் திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ" என்றார் டொக்டர். ராத்தாவைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

"கிருமி அப்பவே உங்களுக்குள்ள போயிருக்கலாம். சுவாசப்பையில இருக்கிற காவல் கலங்கள், அதாவது நோயை எதிர்க்கிற உயிரணுக்கள், அதைப் பிடிச்சு விழுங்கும். ஆனா எல்லாத்தையும் கொல்ல ஏலாது. சிலது விழுங்கின கலத்துக்குள்ளேயே உயிரோட கிடக்கும். அப்ப வேற கலங்கள் வந்து சுத்திவர நிண்டு அடைச்சு வைக்கும். உங்களுக்குச் சீனி வருத்தம், அதான் நீரிழிவு, வந்த பிறகு அந்தக் காவல் தளர்ந்திட்டுது."

"இவ்வளவு காலமும் உயிரோடயா?"

"ஓம். உறங்கின மாதிரி."

நான் கலியாணம் முடித்தேன், பிள்ளை பெற்றேன், உம்மாவைப் பறிகொடுத்தேன். அவ்வளவு காலமும் ராத்தாவின் மூச்சிலிருந்து வந்தது எனக்குள் கிடந்திருக்கிறது. உடுத்த உடுப்போடு வந்தவர்கள் நாங்கள். அவளுடைய படம்கூட எங்களிடம் இல்லை. தாதி மிஸ் கொடுத்த முதல் மருந்துக் குளிசைகளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். அவளை இன்னொரு தடவை கொல்லப்போவது போல இருந்தது. பேத்தியின் முகம் நினைவுக்கு வந்ததும் விழுங்கினேன்.

ஆறு மாதம் ஒருநாளும் தவறவில்லை. பேத்திக்கு நோய் இல்லை. வராமலிருக்க மருந்து கொடுத்தார்கள். கடைசிச் சளிப் பரிசோதனையில் எனக்கும் கிருமி இல்லை.

அன்று மகள் கேட்டாள்: "உங்களுக்கு இது யாருட்ட இருந்து வந்திச்சும்மா?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவள், "பெரியம்மாட பேர் என்ன?" என்றாள்.

அப்போதுதான் உறைத்தது. என் பிள்ளைக்கு அந்தப் பெயரைக்கூட நான் சொல்லியிருக்கவில்லை.