பாக்கியம் அக்கா வீட்டு கேபினட்டுக்குக் கால் வைத்தது

1. அளவு எடுத்த நாள்

அன்றைக்கு அந்தச் சமையல் குசினியில் இருந்தவர்கள்: வீட்டுக்காரர் மாரிமுத்து அண்ணன், தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் மனைவி பாக்கியம் அக்கா. அவர்கள் மகன் சரவணன், கிள்ளானில் வேலை, லீவு போட்டு வந்திருந்தான். என் பாஸ் சவரி. அளவு நாடாவோடு நான், மணியம்.

வீடு புக்கிட் ரோத்தான் பக்கம், தோட்டத்து ஆட்கள் குடியேறிய தாமான் குடியிருப்பில். பின்னால் குசினியை மாரிமுத்து அண்ணனே இழுத்துக் கட்டியிருந்தார். பத்தடிச் சுவர். அதன் ஓரமாகக் கீழ் கேபினட் வைக்க வேண்டும்.

கீழ் கேபினட்டை மூன்று விதமாகக் கட்டலாம். ஒன்று, செங்கல் கட்டி மேலே சிமெண்டு போட்டு முன்னால் கதவு மாட்டுவது. இரண்டாவது ஃபிரேம். பெட்டியின் முகத்தில் சட்டம் அடித்து அந்தச் சட்டத்தில் கதவைத் தொங்கவிடுவது. மூன்றாவது ஃபிரேம் இல்லாதது. வெறும் பெட்டி, கதவு பக்கப் பலகையிலேயே தொங்கும்.

சரவணன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான்.

"அங்கிள், இந்த மாதிரி வேணும். ஃபிரேம்லெஸ். கீழ கேப் எதுவும் தெரியக்கூடாது."

மாரிமுத்து அண்ணன் படத்தை வாங்கிப் பார்த்தார். "இது கிளினிக் மாதிரில்ல இருக்கு. ஒங்கம்மா அண்டா இதுக்குள்ள போகுமா?"

"ஃபிரேம் போட்டாத்தாண்ணே போகாது," என்றார் பாஸ். "நடுவுல கட்ட வந்து மறிக்கும். இதுல வாய் ஃபுல்லா தொறக்கும் லா."

அது உண்மை. அண்டாவை அளந்தேன். பத்தொன்பது அங்குலம். முப்பது அங்குலப் பெட்டிக்கு ஃபிரேம் அடித்தால் நடுக்கட்டைக்கு இந்தப் பக்கம் பன்னிரண்டரை, அந்தப் பக்கம் பன்னிரண்டரை. அண்டா வெளியில்தான் நிற்கும். ஃபிரேம் இல்லாவிட்டால் தாராளமாகப் போகும்.

பாக்கியம் அக்கா என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"தண்ணி ஊத்திக் கழுவலாமா தம்பி?"

பாஸ்தான் பதில் சொன்னார். "தாராளமா கழுவலாம்க்கா. அடியில பலக வச்சு சிலிக்கான் அடிச்சிருவோம். ஒரு சொட்டு உள்ள போகாது."

"வெள்ளிக்கிழம வந்து பாருங்க," என்றார் மாரிமுத்து அண்ணன். "ஏழு வாளி ஊத்துவா. தஞ்சோங் காராங் வயக்காரனே இவகிட்ட தோத்துருவான்."

"நீங்க செருப்போட உள்ள வராட்டி நான் ஏன் ஊத்துறேன்?"

நான் தரையில் லெவல் கட்டையை வைத்திருந்தேன். குமிழி ஓரத்துக்கு ஓடிவிட்டது. பத்தடிக்கு இரண்டு அங்குலச் சரிவு. சரிவு முடியும் இடத்தில் சுவரின் அடியில் ஒரு ஓட்டை, வெளிக் கால்வாய்க்குத் தண்ணீர் போக. தோட்டத்து லயத்து வீடுகளில் கழுவிப் பழகியவர் கட்டிய தரை அப்படித்தான் இருக்கும். அந்த ஓட்டை சரியாக கேபினட்டுக்குப் பின்னால் வரப்போகிறது.

பார்த்தேன். சொல்லவில்லை. எங்கள் வேலையில் கஸ்டமர் முன்னால் பாஸ்தான் பேசுவார். வேலையாள் சொல்வது இருந்தால் வேனில் ஏறிய பிறகு சொல்ல வேண்டும். வேனில் பாஸ் வழி முழுக்கப் போனில் பேசிக்கொண்டு வந்தார். மறுநாள் பலகை வெட்டியாகிவிட்டது.

2. மாட்டியது

நான்கு பெட்டிகள். அடியில் நீளத்துக்கு, மரத்தூளை அழுத்திச் செய்த சிப்போர்ட் பலகையால் ஒரு மேடை. பிளிந்த் என்போம். மேட்டுப் பக்கம் நாலு அங்குலம், ஓட்டைப் பக்கம் ஆறு. லெவல் சரியாக வந்தது. தரையும் பலகையும் சேரும் இடத்தில் சிலிக்கான் பசை அடித்து இடைவெளியை அடைத்தேன். நல்ல வேலைதான். அண்டா உள்ளே போனது. அக்கா கதவை மூன்று தடவை திறந்து மூடிப் பார்த்தார். சரவணன் படம் எடுத்துக்கொண்டான்.

3. கதவு இழுக்கிறது என்ற போன்

மூன்று மாதம் கழித்து மாரிமுத்து அண்ணன் பட்டறைக்குப் போன் செய்தார். ஓரக் கதவு இழுக்கிறதாம், சரியாக மூடவில்லையாம். கீலை முடுக்கினால் போதும் என்று நினைத்து நான் மட்டும் போனேன்.

முன்வாசலில் யாரும் இல்லை. பின்பக்கம் சுற்றிப் போனேன். வெளியில் ஒரு தகரக் கொட்டகை. அதில் காஸ் அடுப்பு. மழை தூறிக்கொண்டிருந்தது. அக்கா ஒரு கையால் குடையைச் சட்டிக்கு மேல் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கிண்டிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, உள்ள சமைக்கலையா?"

"உள்ள சமைச்சா கழுவணும். கழுவுனா தண்ணி போக மாட்டேங்குது. குளமா நிக்குது. துணி போட்டு ஒத்தி ஒத்தி எடுத்துப் பாத்தேன். முட்டி முடியல."

"சரவணன்கிட்ட சொன்னீங்களா?"

"அவன் ஆசப்பட்டுப் போட்டுக் குடுத்தது. ஒன்னும் சொல்லாதீங்க."

மாரிமுத்து அண்ணன் உள்ளிருந்து குரல் கொடுத்தார். "புது குசினி சாமி ரூம் மாதிரி, மணியம். நான் தெனமும் போயி கும்புட்டுட்டு வர்றேன்."

உள்ளே போனேன். கேபினட் மேல் செய்தித்தாள் விரித்திருந்தது. அடுப்பு இருந்த இடம் காலி. குனிந்து சிலிக்கானை அறுத்து முன்பலகையைப் பெயர்த்தேன். பலகை அப்பம் மாதிரி ஊதியிருந்தது. அது ஊதி மேலே இருந்த பெட்டியைத் தூக்கிவிட்டது. கதவு இழுத்தது அதனால். கீலில் ஒன்றும் இல்லை. பெட்டியின் அடிப்பலகையைத் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் அதுவும் போயிருக்கும்.

சிலிக்கான் தண்ணீரைப் பெட்டிக்குள் விடவில்லைதான். ஓட்டைக்கும் விடவில்லை. நான் கட்டியது கேபினட் இல்லை, அணை. தேங்கிய தண்ணீர் பலகையை நனைத்தது.

"கீல் இல்லக்கா. என் தப்பு. திரும்ப வர்றேன்," என்றேன்.

பட்டறைக்கு வந்து பாஸிடம் சொன்னேன்.

"வாளி வாளியா ஊத்துனா எந்த பலகதான் தாங்கும்? அது நம்ம பொறுப்பா மணியம்?"

"கழுவலாமான்னு அவங்க கேட்டாங்க பாஸ். கழுவலாம்னு நீங்க சொன்னீங்க. ஓட்டைய நான் பாத்தேன். சொல்லல."

"ஏன் சொல்லல?"

"நீங்க பேசிக்கிட்டு இருந்தீங்க."

பாஸ் ஆர்டர் புத்தகத்தை எடுத்தார். பிறகு, "ஞாயித்துக்கிழம போ. கால் எத்தன வேணும்?" என்றார்.

"பதினாறு."

4. ஞாயிற்றுக்கிழமை

கால் என்றால் பிளாஸ்டிக் கால். திருகினால் ஏறும், இறங்கும். பெட்டிக்கு நாலு. ஃபிரேம் இல்லாத பெட்டிக்கு இதுதான் முறையான அடி. நாங்கள் வேலை சீக்கிரம் முடியும் என்று பலகை வைத்தோம்.

பெட்டிகளுக்கு மேலே மேடைக் கல் ஒட்டியிருந்தது. கழற்றினால் உடையும். கழற்றாமல் தூக்க வேண்டும். மாரிமுத்து அண்ணன் ஸ்டோருக்குள் போய் லோரி ஜேக் இரண்டை உருட்டிக்கொண்டு வந்தார்.

"இது இருபத்தஞ்சு வருசம் லோரிய தூக்குனது. ஒங்க அலமாரிய தூக்காதா?"

"மெதுவா அண்ணே. கால் அங்குலம் போதும்."

"லோரிக்கே நான் மெதுவாத்தான்."

"எங்க மெதுவா?" என்றார் அக்கா. "பாலத்துல இடிச்சது யாரு?"

அண்ணன் ஜேக்கை மிதமாகவே அடித்தார். கல் உடையவில்லை. ஊதிய பலகையைத் தட்டித் தட்டி வெளியே எடுத்தேன். கவிழ்ந்து படுத்து, கையை உள்ளே விட்டு, ஒவ்வொரு காலாகத் திருகினேன். மேட்டுப் பக்கம் நாலு அங்குலம், ஓட்டைப் பக்கம் ஆறு. அண்ணன் டார்ச் லைட் பிடித்தார். அடிக்கடி என் கண்ணில் பிடித்தார்.

கடைசியில் முன்பலகை. இந்த முறை அலுமினியம். சிலிக்கான் இல்லை. காலில் கிளிப் போட்டு மாட்டினேன். தரைக்கும் அதற்கும் ஓர் அங்குல இடைவெளி விட்டேன். சரவணன் கேட்ட மாதிரி இல்லை. சன்னமாக கேப் தெரிந்தது. அவனுக்குப் போனில் பாஸ்தான் சொன்னார், தப்பு நம்முடையது, மாற்றுகிறோம் என்று. அவன் அம்மாவிடம் கேட்டானாம், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று. அக்கா என்ன சொன்னார் என்று தெரியாது.

முப்பத்திரண்டு வருடமாக இந்த வேலை செய்கிறேன். ஃபிரேமா, ஃபிரேம் இல்லாததா, செங்கல் கட்டா என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். பாத்திரம் பெரிதாக இருந்தால் ஃபிரேம் வேண்டாம் என்பேன். ஆனால் அது இரண்டாவது கேள்வி. முதலில் தரையை எப்படிக் கழுவுவீர்கள் என்று கேட்கிறேன். துணி போட்டுத் துடைக்கிற வீட்டுக்குப் பலகை அடி போதும். தண்ணீர் ஊற்றுகிற வீட்டுக்குக் கால். ஓட்டை எங்கே என்று பார்த்து, பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். பாஸ் பேசிக்கொண்டிருந்தாலும் சொல்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்து சாமானை எடுத்து வைத்தேன். அக்கா கொட்டகையிலிருந்து அடுப்பைத் தூக்கிவந்து பழைய இடத்தில் வைத்தார். பிறகு ஒரு வாளி கொண்டுவந்தார். முதலில் ஒரு கோப்பை மொண்டு ஊற்றினார். தண்ணீர் அலுமினியப் பலகைக்கு அடியில் நுழைந்து ஓடியது. வெளியே கால்வாயில் விழும் சத்தம் கேட்டது.

"போகுதா?" என்று கேட்டார்.

"போகுதுக்கா."

வாளியைச் சாய்த்தார். விளக்குமாற்றால் தள்ளினார். மறுபடி குழாயடிக்குப் போனார். அன்று வெள்ளிக்கிழமைகூட இல்லை. நான் வாசல்படியில் நின்று எண்ணினேன்.

ஏழு வாளி.