விசேஷ வீட்டுக்குத் தராத தண்ணீர்

பட்டறையில் இருக்கும் நீல டிரம்மைத் தொட்டால் கையை முறிப்பேன் என்று நான் சொன்னது உண்மைதான். கல்லி முழுக்க, அதாவது சந்து முழுக்க, கேட்கிற மாதிரிதான் சொன்னேன். இன்றைக்கும் எங்கள் சந்தில் என்னைப் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் அதைத்தான் சொல்கிறார்கள். சொல்லட்டும். ஊர் வாயை அடைத்துக்கொண்டு திரிய எனக்கு நேரமில்லை.

தாராவியில் எங்கள் வீடு மாடியில், பட்டறை கீழே. தோல் பைகளுக்கும் பெல்ட்டுகளுக்கும் வைக்கிற பக்கிள்களுக்கு நானும் என் வீட்டுக்காரரும் முலாம் பூசிக் கொடுக்கிறோம். முலாம் பிடிக்க வேண்டுமென்றால் பக்கிளில் எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இருக்கக் கூடாது. அதற்குத்தான் காஸ்டிக் சோடா. வெள்ளைச் செதிலாக மூட்டையில் வரும், பார்த்தால் கல்லுப்பு மாதிரி சாதுவாக இருக்கும். ஈரக் கையில் பட்டால் சோப்பு போட்டது போல வழுவழுக்கும். அந்த வழுவழுப்பு வேறெதுவும் இல்லை, நம் தோல்தான் கரைகிறது.

சொந்தப் பட்டறை போடுவதற்கு முன்னால் நான் செம்பூர்ப் பக்கம் ஒரு ரசாயனக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தவள். அங்கே கண் கழுவுவதற்கென்றே சுவரோரம் ஒரு குழாய் இருந்தது, காலால் மிதித்தால் தண்ணீர் பீய்ச்சும். அடிக்கடி எங்களை வரிசையில் நிறுத்திப் பாடம் எடுப்பார்கள். தெறித்தால் தண்ணீர். உடனே தண்ணீர். எரிச்சல் நின்றாலும் நிறுத்தாதே, ஆஸ்பத்திரி போய்ச் சேருகிற வரைக்கும் தண்ணீர். கேட்டுக் கேட்டு எனக்குக் கொட்டாவி வரும். ஆனால் பட்டறை போட்டபோது, முலாம் தொட்டிகள் வருவதற்கு முன்பே நான் வாங்கித் தண்ணீர் நிரப்பி வைத்தது அந்த நீல டிரம்மைத்தான். எங்கள் கல்லிக் குழாயில் விடியற்காலையில் கொஞ்ச நேரம் தண்ணீர் வரும், அவ்வளவுதான். மத்தியானம் ஒருவர் கண்ணில் காஸ்டிக் விழுந்தால் குழாயைத் திறந்து காற்றில்தான் கழுவ வேண்டும்.

என் வீட்டுக்காரர் சிரித்தார். 'கம்பெனிக்காரி' என்று எனக்குப் பெயர் வைத்தார். கண்ணில் தெறிக்காமல் இருக்கக் கண்ணாடி, சஷ்மா, மாட்டச் சொன்னால், "போட்டா வேர்த்து ஊத்துது, ஒண்ணும் தெரியமாட்டேங்கு" என்று கழற்றி ஆணியில் தொங்கவிடுவார். அதற்கு தினம் ஒரு சண்டை. டிரம் விஷயத்தில் மட்டும் நான் சண்டைகூடப் போடவில்லை, பேச்சே கிடையாது. பழைய தண்ணீரில் தரையைக் கழுவிவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்புவேன். வீட்டில் குளிக்கத் தண்ணீர் இல்லாத நாளிலும் அது தளும்பத் தளும்ப நிற்கும்.

போன கோடையில் மெயின் பைப் உடைந்து, குழாயில் காற்று மட்டும் வந்தது. அந்தச் சமயம் பார்த்துத்தான் எதிர் வீட்டு அக்காவின் பேரனுக்குப் பேர் விடுகிற விசேஷம். பிரசவத்துக்கு வந்திருந்த மகள் அங்கேயே இருந்தாள். நவி மும்பைப் பக்கம் கோபர்கைரனேயிலிருந்து சம்பந்தி வீட்டார் வருகிறார்கள், சாப்பாடு இங்கே. எங்கள் கல்லியில் ஒரு வழக்கம் உண்டு. விசேஷ வீட்டுக்குத் தண்ணீர் இல்லை என்று யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் அது சாவு வீட்டில் சிரித்தது மாதிரி. நானும் வீட்டுத் தண்ணீரில் பாதியை ஊற்றிக் கொடுத்தேன். அக்கா குடத்தை வாங்கிக்கொண்டு பட்டறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏளா, அந்த டிரம் நெறயத்தானே கெடக்கு. அதையும் குடு. தண்ணி வந்ததும் ரொப்பித் தாரேன்."

"அது தரமாட்டேன்க்கா. அது கண்ணு கழுவ வச்சிருக்கேன்."

"யாரு கண்ணை?"

"யாரு கண்ணுல விழுதோ அவங்க கண்ணை."

"நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு பேசுத நீ? பச்சப்புள்ள வீட்டுக்குத் தண்ணி இல்லன்னு சொல்லுதியே, நீ நல்லாருப்பியா?"

கூட்டம் கூடிவிட்டது. என் வீட்டுக்காரருக்கு மானம் போகிறது. "குடுத்துத் தொலையேன்ட்டி. ஒரு நாள்ல என்ன ஆயிரப்போவுது?" என்றார் எல்லார் முன்னாலும். அப்போதுதான் கையை முறிக்கிற பேச்சைப் பேசினேன். அக்காவுக்கும் சேர்த்துத்தான், அவருக்கும் சேர்த்துத்தான். பேசிவிட்டு டிரம் மூடிமேல் ஏறி உட்கார்ந்தும்விட்டேன். விசேஷ வீட்டுக்குத் தண்ணீர் மறுத்த மகராசி என்று அங்கேயே பட்டம் கட்டினார்கள். கட்டிக்கொள்ளட்டும்! பட்டத்தால் யாருக்கும் கண் போகாது.

அவருக்குக் கோபம் வந்தால் பேச மாட்டார், சாமான்களை டமார் டமாரென்று வைப்பார். அன்றும் அப்படித்தான் வேலைக்குத் திரும்பினார். தொட்டியில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. காஸ்டிக்கைக் குளிர்ந்த தண்ணீரில்தான் போட வேண்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. சூட்டில் போட்டால் பொங்கிச் சீறும். அவருக்கும் அது தெரியும். தெரிந்த மனுஷன்தான் சஷ்மாவும் மாட்டாமல் ஒரு மக் நிறையச் செதிலை அள்ளி, என்மேல் இருந்த கோபத்தோடு சேர்த்து ஒரேயடியாகக் கொட்டினார்.

தொட்டி சீறியது. அவர் அலறிய அலறல் இப்போதும் என் காதில் இருக்கிறது. வலது கண்.

கசக்கப் போன கையைத் தட்டிவிட்டு அவரைத் தரையில் சாய்த்தேன். நனைந்த சட்டையைக் கிழித்து எறிந்தேன். கழுவுகிற தண்ணீர் நல்ல கண்ணுக்குள் ஓடிவிடக் கூடாது என்று, அடிபட்ட கண் கீழ்ப்பக்கம் வரும்படி தலையைத் திருப்பினேன். இரண்டு விரலால் இமையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு செம்பு செம்பாக ஊற்றினேன். அவர் துள்ளினார். வாய்க்கு வந்தபடி ஏசினார். "ஏசுங்க, நல்லா ஏசுங்க, கண்ணை மட்டும் மூடாதீங்க" என்று நானும் கத்தினேன்.

கல்லியே ஓடி வந்தது. முதலில் வந்தவர் அக்காதான். சண்டை எங்கே போனதோ, பிள்ளை பெற்ற மகளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருந்தார். எங்கள் ஜனத்துக்குக் கண்ணில் தூசி விழுந்தாலும் கண்வலி வந்தாலும் மருந்து ஒன்றுதான், தாய்ப்பால். "ஒதுங்குளா, ரெண்டு சொட்டு பால் விட்டா குளுந்துரும்" என்றார். வேறொரு வீட்டிலிருந்து வந்தவர் எலுமிச்சம்பழத்தை நறுக்கியே கொண்டுவந்துவிட்டார், காரத்துக்குப் புளிப்புதான் மாற்று என்று. அத்தனையும் பாசம். அத்தனை பாசமும் சேர்ந்து அவர் கண்ணைப் பொசுக்கியிருக்கும்.

"ஒருத்தரும் கிட்ட வரக் கூடாது. பாலும் வேண்டாம், பழமும் வேண்டாம். தண்ணி மட்டுந்தான்."

"கிறுக்குப் புடிச்சிருக்கு இவளுக்கு. புருசன் கண்ணை அவிக்கப் போறா."

யாரோ பின்னாலிருந்து என் தோளைப் பிடித்து இழுத்தார்கள். செம்பை ஓங்கினேன், தோளில் இருந்த கை விலகியது.

டிரம்மின் அடி தெரிந்தது. "எரிச்சல் கொறஞ்சிருச்சு, போதும்ட்டி" என்று அவர் முனகினார். காஸ்டிக் அப்படித்தான், வலி அடங்கின பிறகும் உள்ளே தின்றுகொண்டே போகும். நிறுத்தக் கூடாது. குழாய் காய்ந்து கிடக்கிறது. எந்த வீட்டிலும் ஒரு குடம் மிச்சமில்லை. கல்லித் தண்ணீர் எல்லாம் சோற்றுக்கும் சாம்பாருக்குமாக விசேஷ வீட்டில் இருக்கிறது. எந்த முகத்தோடு கேட்பது என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. கேட்கிற முகம் இதுதான், வேறு முகத்துக்கு எங்கே போவது?

"அக்கா, உங்க வீட்டுத் தண்ணி அம்புட்டும் வேணும்" என்றேன்.

அக்கா வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தார். பிறகு மகள் பக்கம் திரும்பி, "என்னட்டி பாத்துட்டு நிக்க? உலையை எறக்கச் சொல்லு. குடத்தை எல்லாம் எடுத்துட்டு வாங்க" என்று கத்தினார்.

ரிக்ஷாவில் நான் இமையைப் பிடித்துக்கொண்டேன். அக்கா பட்டுச் சேலையோடு மடியில் குடத்தை வைத்துக்கொண்டு ஊற்றினார். சீட்டு நனைகிறது என்று டிரைவர் கத்த, அக்கா இந்தியில் கொடுத்த வசவில் அவன் அப்புறம் திரும்பவே இல்லை. வழிநெடுக எனக்கும் கிடைத்தது. "பால் விட்டிருந்தா இந்நேரம் கண்ணு முழிச்சிருப்பான். பிடிவாதம் புடிச்ச மூதேவி" என்று ஏசிக்கொண்டே ஊற்றினார். ஏச்சும் நிற்கவில்லை, தண்ணீரும் நிற்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில், ஜன்னலில் சீட்டு வாங்கி வரிசையில் நில் என்றார்கள். நின்றேனா? "காஸ்டிக், கண்ணுல காஸ்டிக்" என்று கூவிக்கொண்டே அவரை உள்ளே இழுத்துப் போனேன். சின்ன வயது டாக்டரம்மா ஒரு காகிதத் துண்டை இமை ஓரத்தில் ஒற்றி நிறம் பார்த்தார். காஸ்டிக் இன்னும் இருக்கிறது என்று சொல்லி, பாட்டில் பாட்டிலாகச் சலைனை ஓடவிட்டார். காகிதத்தின் நிறம் சரியான பிறகுதான் மருந்து, கட்டு எல்லாம். பார்வை நிற்குமா என்று கேட்டேன். கட்டைப் பிரித்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார்.

அவர் கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் கல்லியில் ஒரு பேச்சு ஓடியது. கண்ணில் விழும் என்று காலையில் சொன்னாளாம், சொன்ன வாய் மூடுவதற்குள் விழுந்ததாம், எனக்குக் கருநாக்காம். தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் என் காதுபடவே சொன்னார்கள். "ஆமா, கருநாக்குதான். அடுத்து யாரைச் சொல்லணும், சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுத்தான் குடத்தை எடுத்தேன். மாடியேறிக் கதவைச் சாத்தின பிறகு உட்கார்ந்து அழுதேன். அவர் பக்கிளைக் கண் பக்கம் கொண்டுபோய்ப் பளபளப்பு பார்க்கிறவர். அந்தக் கண் போனால் அவர் என்ன ஆவார், நான் யாரோடு சண்டை போடுவேன்?

கட்டுப் பிரிக்கிற அன்று டாக்டரம்மா அவருடைய நல்ல கண்ணை மூடிவிட்டு, எதிரே விரல்களை நீட்டி எத்தனை என்று கேட்டார். அவர் பார்த்தார். இமையை மூடித் திறந்து மறுபடி பார்த்தார்.

"ரெண்டு வெரலு. கொஞ்சம் புகையாத் தெரியுது" என்றார். அப்புறம் மெதுவாகத் தலையைத் திருப்பி, "பக்கத்துல ஒருத்தி மூக்கை ஒழுக்கிட்டு நிக்கா, அவ மூஞ்சியும் தெரியுது" என்றார்.

அவர் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். அதற்கப்புறம் நான் அழுத அழுகையில் வார்டே திரும்பிப் பார்த்தது. ஆஸ்பத்திரியில் சத்தம் போடாதே என்று ஒரு நர்ஸ் இந்தியில் அதட்டினாள்.

"போடுவேன்" என்றேன், தமிழிலேயே.