கயிற்றில் காயும் சீருடை

கடலோரக் காவல்படைக்காரரைக் கட்டிக்கொண்டதில் அவளுக்குக் கிடைத்த பெரும்பேறு, தெருவே அவள் வீட்டுத் துணியை உற்றுப் பார்க்கத் தொடங்கியதுதான். பிறந்ததும் அதே மீனவர் தெருதான். அப்போதெல்லாம் அவள் துணியை நாய்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

புருஷனின் ரோந்துச் சட்டை கயிற்றில் காய்ந்தால் மனிதர் வீட்டில் குறட்டை விடுகிறார் என்று அர்த்தம். மீன் முட்டையிடும் தடைப் பகுதிக்குப் படகுகள் சத்தமில்லாமல் போகும். கயிறு காலி என்றால் அன்று தெரு முழுக்க உத்தமர்கள். இதை அவளிடம் யாரும் கேட்டதுமில்லை, அவளும் சொன்னதுமில்லை. ஆனால் சட்டை காய்ந்த நாளில் கொல்லைக் கதவருகே ஒரு நல்ல மீன் வந்து கிடக்கும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கடலைக் காக்கிற புருஷன் அதைச் சப்புக்கொட்டிச் சாப்பிடுவார். எங்கே வாங்கினாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை, மகாராஜன்.

எவனோ சட்டை சங்கதியை மேலதிகாரியிடம் போட்டுக் கொடுத்துவிட்டான். ஒரு மாலை புருஷன் புதுச் சட்டையோடு வந்து, உலகத்தையே பிடித்துவிட்டவர் மாதிரி சிரித்தார்.

"நாளைக்கு விடியறதுக்கு முன்னாடியே நான் கடலுக்குப் போயிடுவேன். நீ பழைய சட்டையை நனைச்சுக் கயித்துல போட்டுடு. அத்தனை பேரும் வந்து மாட்டுவானுங்க."

அந்த அத்தனை பேரில் அவள் அண்ணனும் உண்டு. படகு பறிபோனால் அவன் குடும்பம் நடுத்தெருவில்தான். இருந்தும் தலையை நன்றாக ஆட்டி வைத்தாள்.

காலையில் சட்டையை வாளியில் ஊறப்போட்டவள் அப்படியே விட்டுவிட்டாள். கயிற்றில் ஒரு கைக்குட்டைகூட இல்லை. படகுகள் கரையிலேயே கிடப்பதாகப் பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்னதும் அவளுக்கு உயிர் வந்தது.

மதியம் ரோந்துப் படகு திரும்பியது. பின்னால் கட்டி இழுத்து வந்தது ஒரே ஒரு படகை, அவள் அண்ணனுடையதை.

விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். பறித்த வலைக் குவியலின் பக்கத்தில் அண்ணன் உட்கார்ந்திருந்தான்.

"கயிறு காலியாத்தானே இருந்துச்சு? ஏண்ணே போனே?"

"அதனாலதான் போனேன். மாப்பிள்ளைக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சுன்னு நேத்தே காதுல விழுந்துச்சு. இனிமே கயித்துல தெரியறதெல்லாம் தலைகீழாத்தான் இருக்கும்னு நெனச்சேன். நீ அவர் பொண்டாட்டி. அவர் சொன்னதைத்தானே செய்வே?"

உன்னைக் காப்பாற்றத்தானே அவர் பேச்சை மீறினேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் புருஷன் பக்கத்தில் வந்து நின்றார். மற்ற படகுகள் ஏன் வரவில்லை என்ற கேள்வி அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"ஆமாண்ணே," என்றாள்.