நூற்று நாற்பத்தைந்து வாட்ஸும் ஒரு சமையல்கட்டும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் கணவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அதை அங்கே கொண்டுபோய் வைப்பதே அவர்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நியாயமாக இருக்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில் மலேசியத் தலைநகரின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். அவர் பள்ளி ஆசிரியர். நான் ஒரு கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் படம் வரைபவள். யாரோ யோசித்ததைச் சுத்தமாகக் கோடு போட்டுக் கொடுப்பது என் வேலை. சொந்தமாக யோசிக்க யாரும் என்னைக் கேட்டதில்லை. அப்போதுதான் கிள்ளானில் ஒரு கோயில் கமிட்டி, கல்யாண மண்டபம் கட்ட வேண்டும் என்று எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. முதலாளிக்கு அது கண்ணுக்கே தெரியாத சின்ன வேலை. “நீயே யோசித்து வரை. அவர்கள் ஒத்துக்கொண்டால் நான் கையெழுத்துப் போடுகிறேன். இனிமேல் உன் கட்டடங்களை நீயே வரையலாம்” என்றார். ஒத்துக்கொள்ளாவிட்டால் பழையபடி அடுத்தவர் வீட்டுக் கழிவறைக்கு அளவு போட வேண்டியதுதான்.

காகிதத்தில் வரைந்து கொண்டுபோனேன். கமிட்டித் தலைவர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“கோடு கோடா இருக்கு தங்கச்சி. உள்ள போனா எப்படி இருக்கும்? அதக் காட்டுங்க.”

அதே வேலைக்கு ஒரு கான்ட்ராக்டரும் வந்து போயிருந்தார், வழவழப்பான வண்ணப் படங்களோடு. “உள்ளேயே கூட்டிக்கிட்டுப் போறேன் அங்கிள். கம்ப்யூட்டர்ல நடந்து பார்க்கலாம். ஞாயித்துக்கிழமை கொண்டு வரேன்” என்று வாயைக் கொடுத்துவிட்டேன்.

மண்டபத்தை வீட்டுக் கணினியில் முப்பரிமாணமாகக் கட்டி முடித்தேன். ஆனால் அதற்குள் நடக்க முடியவில்லை. ஓர் அடி எடுத்து வைத்தால் படம் நின்று மூச்சு வாங்கியது. படம் ஓட நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும் என்றார்கள் விவரம் தெரிந்தவர்கள். நகரத்தில் கணினிக் கடைகள் அடுக்கடுக்காக இருந்த கட்டடத்துக்குப் போய் ஒன்று வாங்கினேன். என் கணினி பெரிய கம்பெனி மாடல். அதோடு வந்த, பெட்டிக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளையில் நூற்று நாற்பத்தைந்து வாட்ஸ் என்று எழுதியிருந்தது. புதுக் கார்டை அது தாங்குமா என்று கடைக்காரச் சீனப் பையனிடம் கேட்டேன்.

“ஒரிஜினல் மா. போலே லா.”

வாலாக ஒட்டும் ‘லா’வை விட்டுவிட்டால், முடியும் என்பதற்கு மலாயில் ‘போலே’. இந்த நாட்டில் எதைக் கேட்டாலும் முதலில் கிடைக்கும் பதில் அதுதான்.

வீட்டில் கார்டைப் பொருத்தினோம். மண்டபத்து வாசல் அழகாக எழுந்தது. தூண்களுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு போனேன். மணமேடை, பந்திக்கூடம், எல்லாம் வந்தன. சமையல்கட்டுக் கதவுக்குள் நுழைந்ததும் திரை கறுத்து, கணினி தானாக அணைந்துவிட்டது. மறுபடி போனேன். மறுபடி அதே இடம். அண்டா, அடுப்பு, தரை ஓடு என்று அந்த ஓர் அறைக்குள்தான் நான் ஆசை ஆசையாக அத்தனை நுணுக்கத்தையும் கொட்டி வைத்திருந்தேன். அங்கே போனதும் கார்டு கூடுதலாகக் கரண்ட் கேட்டது. பழைய பவர் சப்ளையால் கொடுக்க முடியவில்லை.

“வேற பவர் சப்ளை போட்டுடலாம்” என்றார் கணவர்.

“எங்க போடறது? இந்தக் கம்பெனிப் பெட்டிக்குன்னு தனி அளவு. கடையில விக்கிற எதுவும் உள்ள உக்காராது. உங்க ரெண்டாவது ஹார்ட் டிஸ்க்கக் கழட்டுங்க. அதுக்குப் போற கரண்ட்டு மிச்சமாகும்.”

“அதுல என் பாட்டெல்லாம் இருக்கு.”

“பாட்டு ஓடியா போயிடும்? வயரத்தான கழட்டச் சொல்றேன்.”

“கழட்டி மாட்டினா டிஸ்க் கெட்டுடும். அதத் தொடாத.”

பள்ளியில் பிள்ளைகள் ஏதாவது உளறினால் பிரம்பை எடுக்கும் மனிதர் பேசும் பேச்சா இது? அன்று சாயங்காலம் முழுக்க நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை என்பதுதான் எரிச்சல்.

கடைசியில் கமிட்டித் தலைவருக்கே போன் போட்டேன். “அங்கிள், பவர் சப்ளை பத்தாது போல இருக்கு. கூட்டத்த அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைக்கலாமா?”

“அட, அதுக்கா? அத நாங்க பாத்துக்கறோம் லா. நீங்க வாங்க” என்று வைத்துவிட்டார்.

இவர் எதைப் பார்த்துக்கொள்வார்? கிள்ளானில் யாரிடமாவது என் பெட்டிக்குப் பொருந்துகிற பவர் சப்ளை இருக்கிறதோ என்று ஒரு நப்பாசை. இல்லாவிட்டாலும் சமையல்கட்டுப் பக்கம் போகாமல் சுற்றிக் காட்டிவிட்டு வந்துவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கணினியைத் தலையணைகளுக்கு நடுவே வைத்துக் காரில் கொண்டுபோனோம். கோயில் தெருவுக்குள் திரும்பும்போதே தடதடவென்று ஒரு சத்தம். வாசலில் ஒரு லோரி நின்றது. அதன் மேல் ஜெனரேட்டர். திருவிழாவில் தேருக்குப் பின்னால் வந்து ஆயிரம் பல்புகளை எரிய வைக்குமே, அதே ஜெனரேட்டர். அதிலிருந்து கை தடிமனுக்கு ஒரு வயர் ஜன்னல் வழியாகக் கோயில் கூடத்துக்குள் போயிருந்தது. அந்த வயரின் முடிவில் என் கணினிக்காக ஒரு மேசை, மேசையில் வெள்ளைத் துணி.

“பவர் சப்ளை பத்தாதுன்னீங்களே தங்கச்சி. இப்போ பத்துமா?” தலைவர் முகமெல்லாம் சிரிப்பு.

கோயில் கரண்ட்டைத்தான் நான் குறை சொன்னதாக நினைத்திருக்கிறார். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. என் கணவர் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரை அங்கேயே நாலு சாத்து சாத்தலாம் போல இருந்தது.

“பத்தும் அங்கிள்” என்றேன்.

படம் ஓடியது. வாசல், தூண்கள், மேடை என்று காட்டிக்கொண்டே போனேன். கமிட்டிக்காரர்கள் நாற்காலியை இழுத்து இழுத்துக் கிட்டே வந்தார்கள். பந்திக்கூடத்தை முடித்துவிட்டு வாசலுக்குத் திரும்பப் போனேன். அப்போது பின்வரிசையில் இருந்து, கோயிலில் அன்னதானத்துக்குச் சமைக்கும் அக்கா ஒருவர் கேட்டார்.

“சமையல்கட்டக் காட்டலியே மா. நாங்க நிக்கப் போற எடம் அதுதான?”

என்ன சொல்லித் தப்பிப்பது? அவருக்காகத்தானே அந்த அறையை அவ்வளவு பார்த்துப் பார்த்து வரைந்தேன். கதவைத் திறந்தேன். திரை கறுத்தது.

தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே ஓடினார். “ஓடுதே! ஜெனரேட்டர் நல்லாத்தான் ஓடுது” என்று மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

இனி மறைத்துப் பயனில்லை. “அங்கிள், நான் சொன்ன பவர் சப்ளை கோயிலோடது இல்ல. இந்தப் பெட்டிக்குள்ள ஒண்ணு இருக்கு. புதுசாப் போட்ட கார்டு அதுக்குத் தாங்கல. வெளியில எவ்வளவு கரண்ட் இருந்தாலும் அதுக்கு மேல உள்ள போகாது.”

என் கட்டடம், என் வேலை, எல்லாம் கறுத்துப்போன அந்தத் திரைக்குள் கிடந்தன. அப்போது என் கணவர் எழுந்து வந்தார். பிளக்கைப் பிடுங்கினார். சட்டைப் பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்துப் பெட்டியைத் திறந்து, தன் பாட்டு டிஸ்க்கின் வயரைக் கழற்றினார். பிறகு சிடி டிரைவின் வயரையும் கழற்றினார். ஸ்குரூ டிரைவரைக் காலையிலேயே பைக்குள் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார் மனிதர்.

கணினியைப் போட்டு மறுபடி நடந்தேன். கதவு திறந்தது. சமையல்கட்டு முழுசாக வந்து நின்றது. அந்த அக்கா முன்னால் வந்து திரையில் விரலை வைத்தார்.

“அண்டா கழுவற எடத்துக்கு வெளிக்கதவு வச்சிருக்கீங்க. இத யாருமே யோசிக்க மாட்டாங்க.”

தலைவர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். யாரும் மறுக்கவில்லை. “வேல தங்கச்சிக்குத்தான்” என்றார்.

வெளியே லோரி இன்னும் தடதடத்துக்கொண்டிருந்தது. “என்னால உங்களுக்கு வீண் அலைச்சல் அங்கிள். தேருக்கு வைக்கிற ஜெனரேட்டரை ஒண்ணுக்கும் இல்லாம கொண்டு வர வச்சிட்டேன்” என்றேன்.

“ஒண்ணுக்கும் இல்லாமயா?” தலைவர் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். “அந்தக் கான்ட்ராக்டர் வந்தப்போ அவருக்கு நாங்க ஃபேன் கூடப் போடல.”