வெற்றிலைப் பையில் மைனாச் சோறு

வெள்ளைக்காரன் ஆண்ட மலாய் நாட்டில், அவசரகாலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்து லய வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். பால்மரம் வெட்டப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூட வெளியே கொண்டுபோகக் கூடாது. காட்டில் ஒளிந்து சண்டைபோடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். பிடிபட்டால் ஜெயில்.

என்னிடம் ஒரு மைனா இருந்தது. வேலிக்காகப் புதர் வெட்டியபோது கூட்டோடு விழுந்த குஞ்சு. அலகு கோணலாக வளர்ந்தது. தானாகக் கொத்தித் தின்ன வராது. சோற்றை மசித்து, ஒரு நாளைக்கு நாலைந்து தடவை விரலால் ஊட்ட வேண்டும். புழு கொடுத்தால் கக்கிவிடும். நான் தனி ஆள். அதனால் கூடையில் வைத்து, நான் பால் வெட்டும் மர நிரைக்குக் கொண்டுபோவேன். மரத்துக்கு மரம் அதனோடு பேசிக்கொண்டே வெட்டுவேன்.

சோற்றுத் தடை வந்த முதல் வாரமே அது மெலிந்தது. கையில் எடுத்தால் நெஞ்செலும்பு குத்தியது. மசித்த சோற்றை வெற்றிலைப் பையில் ஒளித்துக்கொண்டு கிளம்பினேன்.

கேட்டில் காவலர் மாட் நின்றார். மலாய்க்காரர். தோட்டத்துத் தமிழ் பேசுவார், நடுவில் மலாய் 'லா' சேர்த்து.

"அண்ணே, பையில என்ன?"

"வெத்தல."

"பல்லக் காட்டு."

காட்டினேன்.

"இவ்ளோ வெள்ளையா இருக்கு. நீ எப்ப வெத்தல போட்ட?"

சோதனை வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் பையைப் பிரித்ததும் சிரிப்பு நின்றது.

எங்களை வேலை வாங்கும் மண்டோர் ஓடி வந்தார். "ஏண்டா, கோண மூக்குக் குருவிக்காகவா ஜெயிலுக்குப் போற? தூக்கிப் போட்டுட்டு வேலையப் பாரு."

"முடியாதுங்க," என்றேன்.

மாட் கொஞ்சம் சோற்றைத் தரையில் வைத்தார். "அது சாப்பிடட்டும், பாக்கலாம்."

கூடையிலிருந்து இறக்கிவிட்ட மைனா கொத்தியது. சோறு பக்கத்தில் சிதறியது. மறுபடி கொத்தியது. அலகில் ஒன்றும் நிற்கவில்லை. அது விடவுமில்லை. மாட் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சோறு வெளிய போகாது. அது சட்டம்," என்றார். "குருவி உள்ள இருக்கலாம் லா. இங்க வச்சிட்டுப் போ. எப்படிக் கொடுக்கணும், செஞ்சு காட்டு."

செய்து காட்டினேன். மத்தியானம் திரும்பியபோது மைனா காவல் கொட்டகையில் அவர் தொப்பிக்குள் தூங்கியது. நெஞ்சு சதைபிடிக்கப் பத்து நாள் ஆனது.

ஒளித்தது என் தவறு. முதலிலேயே கேட்டிருந்தால் அந்த ஒரு வாரம் அது பட்டினி கிடந்திருக்காது.

சில மாதம் கழித்து அவரைக் கெமாஸ் ஊருக்கு மாற்றினார்கள். போகிற அன்று, புதிதாக வந்த காவலரைக் கை கழுவச் சொல்லி, தன் முன்னாலேயே ஊட்ட வைத்தார். நானும் பக்கத்தில் நின்றேன்.

"உள்ள தள்ளாத லா. நாக்குல வை. அதுவே முழுங்கும்."

அதுவரை வீட்டில் நான் தள்ளித்தான் ஊட்டிக்கொண்டிருந்தேன். மறுநாளிலிருந்து நாக்கில் வைத்தேன். அதுவே விழுங்கியது.