கடல் சேற்றில் மதிய உணவு

என் மேஜையில் சுண்டுவிரல் உயரத்தில் ஒரு கண்ணாடிக் குப்பி இருக்கிறது. காலிக் குப்பி. ஒட்டியிருக்கும் சீட்டில் என் கையெழுத்தில் 'லஞ்ச்' என்று எழுதியிருக்கும். ஐந்து கிலோமீட்டர் ஆழத்திலிருந்து கப்பலில் எடுத்து வந்த கடல் சேற்றில் சக ஊழியரின் மீன் குழம்பு விழுந்துவிட்டது என்று எழுத்துமூலம் புகார் கொடுத்தவன் நான். வீட்டில்கூட இதை முழுசாகச் சொன்னதில்லை.

செவன் ஹில்ஸ் என்ற புறநகரில் லாரி ஷெட்டுகளுக்கு நடுவே எங்கள் ஆய்வுக்கூடம். பிரிவுக்குப் பொறுப்பு யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். தினமும் பக்கத்து அறையில் அவருடைய டப்பா திறக்கும். மீன் குழம்பு மணம் என் நாற்காலி வரை வரும். பரம்பரைச் சைவமான நான் எழுந்து ஜன்னலோரம் போய் நிற்பேன். "மணத்துக்கே இப்பிடி ஓடுறீர் தம்பி, மீன் வந்து கடிக்கவே போகுது?" என்பார். மாலையில் "போட்டு வாறன் தம்பி" என்று சொல்லாமல் கிளம்ப மாட்டார்.

அந்தச் சேறு எங்களுக்கு வந்த முதல் கடல் சேறு, ஒரு டீ கப் அளவுதான். போனுக்கும் மின்சாரக் காருக்கும் வேண்டிய அருமண் தனிமங்கள் அதில் எவ்வளவு என்று அளக்க வேண்டும். அதுவரை பாறைப்பொடியை மட்டுமே அறிந்த என் வேலை, சேற்றைச் சலித்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, தூசி, நூல் என்று வெளியிலிருந்து விழுந்ததைப் பொறுக்குவது. வெள்ளிக்கிழமை மதியம் பார்த்தால், தேன் நிறத்தில் கூர்கூராய்ப் பற்கள், முள் துணுக்குகள். மீன்! எனக்கு ரத்தம் தலைக்கேறியது. ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் குப்பியில் போட்டு, சீட்டு ஒட்டி, ஆதாரமாகப் பூட்டி வைத்து, மேனேஜருக்குப் புகார் எழுதினேன். மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டார். சாம்பிளில் உணவு கலந்திருப்பதாகப் புகார், ஆதாரத்தைத் திங்கட்கிழமை பார்ப்போம், பிரிவு அவரிடம் இருக்குமா என்பதும் அன்றைக்கே தெரியும் என்றாராம். அக்கா வெளியே வந்தார், டப்பாவைப் பையில் வைத்தார், போய்விட்டார். "போட்டு வாறன்" இல்லை.

நியாயம் தன் பக்கம் இருப்பவன் நிம்மதியாகத் தூங்க வேண்டாமா? எனக்கு உட்காரவே முடியவில்லை. காரை இரண்டு தடவை கழுவினேன். ஞாயிற்றுக்கிழமை, என் கட்சியைப் பலப்படுத்தலாமே என்று ஆழ்கடல் சேற்றைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன். உயிரோடிருக்கும் மீனில் அருமண் மிகமிகக் குறைவு. செத்தபின் அதன் பல்லும் எலும்பும் கடலடியில் லட்சக்கணக்கான வருடம் கிடக்கும்போது, சுற்றியுள்ள நீரிலிருந்து அருமண்ணை உறிஞ்சிச் சேர்த்துக்கொள்கின்றன என்று போட்டிருந்தது. ஆக, எந்தப் புதையலைத் தேடச் சொன்னார்களோ அதைத்தான் பொறுக்கி வெளியே எடுத்திருக்கிறேன். குப்பைத்தொட்டியில் போடாமல் பத்திரப்படுத்தியது என் வன்மம். அறிவியலுக்கு நான் செய்த ஒரே தொண்டு அதுதான்.

திங்கட்கிழமை கதவு திறக்கும் முன்பே வாசலில் நடை போட்டுக்கொண்டிருந்தேன். முதலில் மேனேஜரிடம், பிறகு அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிரிவு அவரிடமே இருந்தது. அக்கா குப்பியை வாங்கி, பற்களை ஒன்று விடாமல் சேற்றோடு சேர்த்தார். சீட்டு நனையாமல் குப்பியை அலசி என்னிடம் நீட்டினார். "வச்சிரும்" என்றார், அவ்வளவுதான். அன்று மாலை "போட்டு வாறன்" கேட்கும் வரை நான் நாற்காலியை விட்டு எழவில்லை.

இப்போதும் கடலடி அருமண் என்று செய்தியில் வந்தால் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. கை தானாகக் குப்பியை எடுத்து உருட்டும். அவர் ஓய்வு பெற்ற அன்று, கேக் தட்டோடு ஓரமாகப் போய் இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்டேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மன்னிப்பு கிடக்கட்டும் தம்பி. இத்தனை வருசம் பக்கத்தில இருந்தனீர், ஒருநாள் என்ர டப்பாவை எட்டிப் பாத்தனீரே? நான் முள்ளெடுக்காமல் சமைக்கிறவள் எண்டே நினைச்சனீர்?"