பாரம் குறைக்கும் சக்கரம்

எழுபதுகளின் கடைசியில், கலியாணம் முடித்த இரண்டாம் வருடம், என் கணவர் புவியீர்ப்பைக் குறைக்கப் போவதாகச் சொன்னார். எங்கள் ஊர் வழக்கப்படி எனக்குச் சீதனமாகத் தந்த கல்முனை வீட்டில் அப்போது இருந்தோம். ஒரே பாடசாலையில் அவர் விஞ்ஞானம் படிப்பித்தார், நான் கணக்கு.

வேகமாகச் சுழலும் சக்கரம் பாரம் குறைகிறது என்று வெளிநாட்டில் யாரோ சொன்னதையும், படித்தவர்கள் அதைக் கேட்டுச் சிரித்ததையும் ஒரு பழைய ஆங்கிலச் சஞ்சிகையில் வாசித்திருந்தார். அந்தச் சிரிப்புத்தான் அவரைப் பிடித்துக்கொண்டது என்று நினைக்கிறேன்.

"சிரிச்சவங்கள்ல ஒருத்தனாவது சக்கரத்தச் சுத்திப் பாத்தானா, புள்ள?" என்று கேட்டார்.

உதவி கேட்டுக் கொழும்புக்கு எழுதினார். பதில் வந்த ஒரே இடம், பாடத்திட்டத்தை ஒழுங்காகப் படிப்பிக்கும்படி புத்தி சொன்னது. பாடசாலையில் அவருக்குப் 'பறக்கும் மாஸ்டர்' என்று பெயர் விழுந்தது. கடைசியில் என் வாப்பாவிடம் போனார். சம்மாந்துறைப் பக்கம் வயல் வைத்திருந்த வாப்பாவை ஊரே போடியார் என்று அழைக்கும்.

"மருமகன், நான் நெல்ல நிறுத்து விக்கிறவன்," என்றார் வாப்பா. "பாரத்தக் குறைக்கிற மெசின் வந்தா எனக்கு லாபமா, நட்டமா?"

"இது நெல்லுக்கில்ல மாமா. சாமான் ஏத்தி இறக்க."

"இண்டைக்கு அப்பிடித்தான் சொல்லுவீங்க. நாளைக்கு யாவாரி அதச் சாக்குக்கு அடியில வெச்சிட்டு நிறுப்பான்."

அந்த வாதத்தில் பிழை கண்டுபிடிக்க அவரால் முடியவில்லை. முகம் தொங்கிப்போய் வீட்டுக்கு வந்தார். பின்னேரங்களில் நான் சட்டை தைப்பேன். தையல் மெசினில் ஒரு மின்மோட்டர் இருந்தது.

"என்ட மோட்டரத் தாறன் மச்சான். ஆனா நிறுக்கிறது நான்தான்," என்றேன்.

"ஏன், என்னில நம்பிக்கை இல்லையா?"

"உங்களில இரிக்கி. தராசு முள்ளிலதான் இல்ல."

பழைய சைக்கிள் சக்கரம் ஒன்றைப் படுக்கையாக வைத்து, பாரத்துக்காக அதன் விளிம்பைச் சுற்றித் தகரத் துண்டுகளை இறுக்கினார். அடுப்படிக்குப் பின்னால் நின்ற மாமரத்தில், பாடசாலையில் இரவல் வாங்கிய, சுருள்வில்லில் தொங்கவிட்டு நிறுக்கும் வில்தராசைக் கட்டி, மோட்டரையும் சக்கரத்தையும் அதில் தொங்கவிட்டார். மோட்டர் தானும் சேர்ந்து சுற்றாமல் இரண்டு பக்கமும் கயிறு. மோட்டரின் ஆளியைப் போட்டதும் சக்கரம் ஊளையிட்டது. மரத்திலிருந்த காகங்கள் பறந்தன. தராசின் முள் நடுங்கி நடுங்கி, மெல்லப் பின்வாங்கியது. பாரம் குறைந்திருந்தது!

கதை ஊரெல்லாம் பரவியது. முதலில் வந்தவர் கடற்கரையில் கரைவலை போடும் தமிழ் முதலாளி. அவருடைய மகள் என் கணவரிடம் படித்தவள். "தோணியத் தள்ளி ஏத்த ஆள் தேடுறதுக்குள்ள மீன் நாறிடும், மாஸ்டர். தோணிட பாரத்தில பாதி குறைஞ்சாக் காணும்," என்றார். வேறொருவர் தன் மருமகனுக்குச் செலவழிக்கப் போகிறார் என்று கேள்விப்பட்ட வாப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவரும் வந்துவிட்டார். இருவரும் தராசுக்கு முன்னால் குனிந்து நின்றார்கள். முள் பின்வாங்கியது.

"சுப்ஹானல்லாஹ்!" என்றார் வாப்பா. "பாதிச் செலவு என்ட."

"மத்தப் பாதி என்ட, போடியார்."

நானும் அந்த நேரம் நம்பினேன். மனம் துள்ளியது. தேநீர் ஊற்ற உள்ளே போகத் திரும்பியபோதுதான் கொடியில் காய்ந்த என் வெள்ளைச் சேலையைக் கண்டேன். அடுத்த நாள் பாடசாலைக்கு உடுக்க வைத்திருந்தது. சேலை முழுக்கச் சாம்பல். பாத்திரம் விளக்க நான் மரத்தடியில் கொட்டி வைக்கும் சாம்பற் குவியலைப் பார்த்தேன். யாரோ கூட்டி அள்ளியதுபோல இடம் வெறுமையாகக் கிடந்தது.

வந்தவர்கள் போனதும், "மச்சான், அது காத்தடிக்கி," என்றேன். "தகரமெல்லாம் கொஞ்சம் சரிஞ்சிரிக்கி. காத்தக் கீழ தள்ளி, அது மேல எழும்பப் பாக்குது."

அவர் எழும்பி உள்ளே போனார். தேயிலைப் பெட்டி ஒன்றை எடுத்து வந்து, சக்கரத்தை அதற்குள் அடைத்து, பெட்டியோடு தொங்கவிட்டார். சுற்றினோம். முள் அசையவேயில்லை.

"நாளைக்குக் காசு தர வருவாங்க," என்றார்.

"ஓம்."

"அதுக்கு முன்னால நானே போய்ச் சொல்லிட்டு வாறன்."

விடிந்ததும் கடற்கரைக்குப் போனார். முதலாளி கோபிக்கவில்லையாம். "பாரம் குறையாட்டி ஆள் கூடட்டும். பிடிங்க கயித்த!" என்று தோணி இழுக்க விட்டுவிட்டார். நனைந்த காற்சட்டையோடும் கையில் ஒரு பாரை மீனோடும் திரும்பி வந்தவரின் முகத்தில், நான் பயந்த அளவுக்குத் துக்கம் இல்லை.

வாப்பாதான் வேறு மாதிரி. முழுவதையும் கேட்டுவிட்டு, "காத்தா? எவ்வளவு காத்து?" என்றார்.

"சாம்பல் பறக்கிற அளவுக்கு, மாமா."

"பதர் பறக்குமா? காத்து விழுந்த நாளையில நெல்லுத் தூத்திப் பதர் போக்க ஏலாம, சூடடிக்கிற களவெட்டியில வானத்தப் பாத்துக்கிட்டுக் குந்தியிரிக்கன் மருமகன்!"

என் கணவர் வீட்டுக்கு வந்து, "நான் புவியீர்ப்பக் கேட்டன், உங்கட வாப்பா காத்தாடி கேக்காரு," என்று முறைத்துக்கொண்டு படுத்தார். இரண்டு நாள் சக்கரத்தின் பக்கமே போகவில்லை. பிறகு தகரம் வெட்டும் சத்தம் கேட்டது.

வயலில் மின்சாரம் ஏது? அதனால் சைக்கிள் மிதியைப் பூட்டினார். அறுவடைக்கு நானும் கூடப் போனேன். காற்று அசையாத நண்பகல். அவர் ஏறி மிதிக்க, வேலைக்காரர்கள் நெல்லைச் சரித்தார்கள். பதர் பொன்னிறத்தில் கிளம்பிப் பறந்து, எதிரே நின்ற வாப்பாவின் தாடியை மூடியது. துப்பவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் அவர் நின்ற நிலையைப் பார்த்து வயல் வட்டை முழுக்கச் சிரித்தது. என் கணவர் மிதியை நிறுத்தாமலே சிரித்தார். அந்தப் போகத்திலேயே பக்கத்து ஊரான வீரமுனையிலிருந்தும் ஆட்கள் காத்தாடி கேட்டு வந்தார்கள்.

அவர் சக்கரத்தை விட்டாரா என்றால், இல்லை. காத்தாடி விற்ற காசில் எண்பதுகளிலும் தொடர்ந்தார். பித்தளைச் சக்கரம், ஈயம் வார்த்த சக்கரம், ஒன்றுக்கெதிராக ஒன்று சுழலும் சோடிச் சக்கரம். எல்லாவற்றையும் பெட்டிக்குள் அடைத்துத்தான் சுற்றினார். கரண்ட் இல்லாத நாட்கள் கூடிய காலத்திலும், அது வரும்வரை பெட்டியருகே காத்திருப்பார்.

"என்ன சொல்லுது?" என்று கேட்பார்.

"அசையல்ல மச்சான்."

"நல்லாப் பாத்தியா?"

"நல்லாப் பாத்தன்."

"சரி புள்ள, சோத்தப் போடு," என்று எழும்பிக் கை கழுவப் போவார். சாப்பிட்டுக்கொண்டே அடுத்த சக்கரத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார். எனக்கும் கேட்க ஆசையாகத்தான் இருக்கும்.